சிறைக்குள் தைத்த காலணி: நியூயார்க் சிறைப் பட்டறைகளும் ஒப்பந்ததாரர்களும்

ரசீதுப்பெட்டி
அமெரிக்கக் காலணித் தொழில் என்றதும் லின், ஹேவரில் என்று மாசசூசெட்ஸ் ஊர்களைச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதே காலத்தில் மதில்களுக்குள்ளும் பெரிய பட்டறைகள் ஓடின. அதைத் தொடக்கத்திலிருந்து பேசலாம் என்றுதான் இந்த இழை.

பிலடெல்பியாவின் வால்நட் ஸ்ட்ரீட் சிறையில் 1790களிலேயே ஆணி செய்வதும் செருப்புத் தைப்பதும் நடந்தன. அதைப் பார்த்துத்தான் நியூயார்க் நகரில், ஹட்சன் கரையில், கிரீனிச் பகுதியில் நியூகேட் சிறை எழுந்தது. 1797 நவம்பரில் கைதிகள் வந்தார்கள். அறைகள் 54, ஓர் அறைக்கு 8 பேர். இதை முன்னின்று உருவாக்கியவர் தாமஸ் எடி என்ற வணிகர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். சிறை தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே முதன்மைத் தொழிலாக வளர்ந்தது காலணி.

எதிர்ப்பு உடனே வந்தது. நகரத்துச் செருப்புத் தொழிலாளர்கள் முறையிட, 1801இல் மாநிலச் சட்டமன்றம் சிறையில் தைத்த பூட்ஸ், ஷூ எல்லாவற்றிலும் 'ஸ்டேட் பிரிசன்' என்று முத்திரை குத்த வேண்டும் என்றது. அது போதாமல் 1804இல், ஏற்கெனவே அந்தத் தொழில் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, கைதிகளில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் காலணி வேலையில் வைக்கக் கூடாது என்று வரம்பு போட்டது. முதலில் முத்திரை, பிறகு வரம்பு. இந்த இரண்டு யோசனைகளும் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு வேறு வேறு உடையில் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனியுங்கள்.

தென்றல்_வி
நல்ல இழை ஐயா. ஒரு கேள்வி. நெசவு, தச்சு எல்லாம் இருக்கும்போது ஏன் காலணிக்கு இவ்வளவு முக்கியத்துவம்?

கால்அச்சு
நெசவும் தச்சும் இருந்தன மேடம். ஆனால் காலணிக்குச் சில வசதிகள் உண்டு. 1800 வாக்கில் ஒரு செருப்புத் தொழிலாளிக்கு வேண்டியது தாழ்வான ஒரு பெஞ்சு, மடியில் வைத்துத் தோலைத் தட்ட ஒரு கல், சுத்தியல், குத்தூசி, கத்தி, பாத வடிவ மர அச்சு, மெழுகு நூல். தறிக்கு இடம் வேண்டும், உலைக்கு நெருப்பு வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். ஓர் அறையில் முப்பது பேரை வரிசையாக உட்கார வைத்து ஒரே காவலர் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணிக்கை. மாலையில் இத்தனை ஜோடி என்று எண்ணிவிடலாம். அன்றைய அளவை முடித்தானா இல்லையா என்பதில் வாக்குவாதமே கிடையாது. தண்டனையோடு வேலையைப் பிணைக்க நினைத்த நிர்வாகத்துக்கு இது பெரிய வசதி.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெளியிலேயே இந்தத் தொழில் துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. தோல் வெட்டுபவர் ஒருவர், மேல்தோலைத் தைப்பவர் இன்னொருவர், பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். அச்சில் இழுத்து அடித்தோல் பொருத்துபவர் வேறொருவர். முழு ஷூவும் தைக்கத் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு துண்டு வேலையைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். நியூகேட்டில் இடநெருக்கடி தாங்காமல் மன்னிப்புக் கொடுத்துக் கொத்துக் கொத்தாக ஆட்களை வெளியே விட்டார்கள். பழகிய கை போய்விடும், புதிய கை வந்துவிடும். அந்த நிலையில் துண்டு வேலை தவிர வேறு எதுவும் ஓடாது.

மரஆணி
கால்அச்சு சொன்னதோடு மர ஆணியைச் சேர்க்காவிட்டால் கதை பாதிதான். அடித்தோலை நூலால் தைப்பதற்குப் பதில் சிறு மர ஆணிகளால் அறைவது 1810களின் கடைசியில் மாசசூசெட்ஸில் பரவியது. ஹாப்கின்டனைச் சேர்ந்த ஜோசப் வாக்கர் பெயரைச் சொல்வார்கள். சிறைப் பட்டறைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

முறை இப்படி. உள்தோலை, அதாவது ஷூவுக்குள் பாதம் படும் தோலை, அச்சின் அடியில் சிறு ஆணியால் தற்காலிகமாகப் பிடிக்க வைக்க வேண்டும். மேல்தோலை அச்சின் மேல் இழுத்து, ஓரத்தை உள்தோல் மேல் மடித்துப் பிடிக்க வேண்டும். அடித்தோலை நனைத்து, நீர் உள்ளே சமமாக இறங்க விட்டு, கல்லில் வைத்துத் தட்டி நாரை இறுக்க வேண்டும். பிறகு அதை மேலே வைத்து ஓரத்தையொட்டிக் குத்தூசியால் துளையிட்டு, துளைக்கு ஓர் ஆணி, ஓரிரு அடியில் இறக்க வேண்டும். கனமான வேலைக்கு இரண்டு வரிசை. அச்சைக் கழற்றிய பின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளை நீண்ட பிடி அரத்தால் ராவ வேண்டும்.

எங்கே கெடும்?

ஆணி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், தோல் ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த மரம் தோலின் ஈரத்தை வாங்கி உப்பித் துளையைக் கவ்விக்கொள்ளும். ஆணியே ஈரமாக இருந்தால் நடப்பது நேர்மாறு. பின்னால் சுருங்கி, ஒரு மாதத்தில் அடித்தோல் ஆடத் தொடங்கும். குளிர்ந்த கல் கட்டடத்தில் ஆணிப் பெட்டியைத் தரையில் வைத்தாலே போதும், ஈரம் ஏறிவிடும்.

குத்தூசி தடித்தால் ஆணி தளரும். மெலிந்தால் ஆணி தலை நசுங்கிப் பிளக்கும், பாதி ஆழத்தில் நின்றுவிடும். மேலே பார்த்தால் தெரியாது.

உள்ளே ராவுவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை. குதிகால் பக்கம் கை எட்டும், விரல் பக்கம் இருட்டு. அன்றைய எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் இருப்பவன் விரல் பக்கத்தை மேலோட்டமாகத் தடவிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போவான். மேற்பார்வையாளர் வெளியே மட்டும் பார்த்துச் சரி என்று விட்டுவிடுவார். வாங்கியவர் காலில்தான் அது தெரியும்.

இந்த முறையில் தையல் கைத்திறன் தேவையே இல்லை. அதனால்தான் சிறையின் பெரும்பாலான சரக்கு கனமான, மலிவான ஆண்கள் காலணியாகவே இருந்தது.

சட்டப்புள்ளி
ரசீதுப்பெட்டி தொட்டுவிட்டுப் போன 1804ஐ விரிக்கிறேன். அந்த ஆண்டில்தான் எடி பொறுப்பை விட்டு விலகினார். காலணி வேலையை வெளி ஒப்பந்ததாரர் கையில் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதுவரை மாநிலமே தோல் வாங்கி, மாநிலமே விற்றது. தோல் விலை ஏறினால் நட்டம், சரக்குத் தேங்கினால் நட்டம். கடனுக்கு விற்ற பணம் திரும்பாவிட்டால் அதுவும் நட்டம். ஒப்பந்த முறையில் இந்த ஆபத்து எல்லாம் ஒப்பந்ததாரர் தலையில் போகிறது. மாநிலத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூலி வந்துவிடும். நிர்வாகத்துக்கு இது கவர்ச்சியாகப் பட்டதில் வியப்பில்லை. எடியின் கவலை, வெளியாள் உள்ளே வந்தால் திருத்தம் என்ற நோக்கம் போய்விடும் என்பது. அந்தக் கவலை சரிதான் என்று அடுத்த எண்பது ஆண்டுகள் காட்டின என்பது என் கருத்து.

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் இது முழு வடிவம் எடுத்தது. இரவில் தனி அறை: 7 அடி நீளம், மூன்றரை அடி அகலம், 7 அடி உயரம். பகலில் கூட்டாகப் பட்டறை, ஆனால் ஒரு சொல் பேசக் கூடாது. பட்டறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நடக்கும் பாதை, கண்காணிக்கச் சிறு பிளவுகள். பேசினால் சவுக்கு. 1828இல் சிறை முகவர், அதாவது சிறையின் நிர்வாகத் தலைவர், கெர்ஷம் பவர்ஸ், இனி ஆபர்னுக்கு மாநிலப் பணம் தேவையில்லை என்று அறிவித்தார். அந்த ஓர் அறிவிப்புதான் மற்ற மாநிலங்களை இந்த முறைக்கு இழுத்தது. கனெக்டிகட்டின் வெதர்ஸ்பீல்டு சிறை 1827இல் இதே மாதிரியில் திறந்தது, அங்கேயும் காலணிப் பட்டறை. இதற்கிடையே ஆபர்னின் தலைமை நிர்வாகியாக இருந்த எலம் லிண்ட்ஸ் 1825இல் அங்கிருந்து 100 கைதிகளைக் கொண்டுபோய் அவர்கள் கையாலேயே சிங் சிங் என்ற புதிய சிறையைக் கட்டத் தொடங்கினார். 1828இல் நியூகேட் மூடப்பட்டு ஆட்கள் அங்கே போனார்கள்.

தென்றல்_வி
ஒப்பந்தம் என்றால் கைதியையே குத்தகைக்கு விடுவதா? தெற்கு மாநிலங்களில் நடந்தது போல?

சட்டப்புள்ளி
இல்லை, இரண்டையும் கலக்கக் கூடாது. குத்தகை முறையில் கைதியின் உணவு, உடை, காவல், உயிர் எல்லாமே குத்தகைதாரர் கையில். தெற்கில் உள்நாட்டுப் போருக்குப் பின் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர்களை அப்படித்தான் ஓட்டிப் போனார்கள். அதன் சாவு எண்ணிக்கை தனிக் கொடுமை.

வடக்கின் ஒப்பந்த முறையில் கைதி மதிலுக்குள்ளேயே இருப்பான். மாநிலம் கட்டடம், காவல், உணவு தரும். பல இடங்களில் நீராவி இயந்திர விசையும் தரும். ஒப்பந்ததாரர் தோல், கருவிகள், வேலை கற்றுத்தரும் மேற்பார்வையாளர்கள் ஆகியவற்றைக் கொண்டுவருவார். பெரும்பாலும் பல ஆண்டு ஒப்பந்தம், குறைந்தபட்சம் இத்தனை ஆள் என்ற உறுதி. இரண்டு அதிகாரம் ஒரே கூரையின் கீழ். வேலையின் அளவை நிர்ணயிப்பவர் மேற்பார்வையாளர், அடிப்பவர் காவலர். நாளின் அளவைத் தாண்டினால் சிறு தொகை 'மிகுவேலை'க் கூலியாகக் கைதிக்குக் கிடைக்கும். சிறைக்குள் புகையிலை வரும் வழிகளில் ஒன்றும் அந்த மேற்பார்வையாளர்தான்.

கால்அச்சு
இங்கே எல்லோரும் சொல்லும் ஒன்றில் எனக்கு மாறுபாடு உண்டு. கூலி மலிவு, அதனால் கொள்ளை லாபம் என்கிறார்கள். தொழில் தெரிந்தவர் கணக்குப் போட்டால் அது அவ்வளவு நேராக வராது.

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு மட்டும் தருகிறேன், ஆவணத்திலிருந்து எடுத்த எண்கள் அல்ல. ஒரு ஜோடிக்குத் தோல் 80 சென்ட், வெளியில் கூலி 40 சென்ட் என்று வையுங்கள். கைதியின் நாள்கூலி வெளிக்கூலியில் கால் பங்கு. ஆனால் அவன் முடிப்பது வெளித் தொழிலாளி முடிப்பதில் அறுபது சதவீதம். அப்போது ஜோடிக்குக் கூலி 10 சென்ட் ஆகாது, சுமார் 17 சென்ட். மிச்சம் 23. தோலில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பாழானால் 8 சென்ட் போய்விடும். மிச்சம் 15. மேற்பார்வையாளர் சம்பளம், இரண்டாம் தரச் சரக்கின் விலைக்குறைப்பு எல்லாம் இதிலிருந்துதான்.

தோல் பாழாவது வெட்டும் மேசையில். ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுக்கம், வயிற்றுப் பகுதி தளர்ச்சி, கழுத்தில் சுருக்கம். தோலின் இழுவை எந்தப் பக்கம் என்று கையால் பார்த்து, விரல் பக்கத்துத் துண்டுக்கு நல்ல இடத்தையும் நாக்குத் துண்டுக்கு ஓரத்தையும் ஒதுக்க வேண்டும். இழுவை மாறி வெட்டினால் அச்சில் இழுக்கும்போது ஒரு பக்கம் நீளும், ஜோடியில் இரண்டும் ஒத்துப்போகாது. விருப்பமில்லாத கைக்கு இதைக் கற்பிக்க முடியாது. அதனால் நல்ல தோலை யாரிடம் வெட்டக் கொடுப்பது என்பதில்தான் ஒரு சிறை ஒப்பந்தத்தின் லாபமும் நட்டமும் இருந்தன.

அப்படியானால் ஒப்பந்ததாரர்கள் ஏன் மொய்த்தார்கள்? வாடகை இல்லை. பல இடங்களில் விசைச் செலவும் இல்லை. பல ஆண்டுகளுக்கு ஆள் எண்ணிக்கை மாறாது. பருவ வேலை ஏற்ற இறக்கம் பாதிக்காது, வேலைநிறுத்தம் பெரிதாகப் பயமுறுத்தாது. அதோடு நட்டம் என்றால் சட்டமன்றத்தில் மனுப்போட்டு ஈடு கேட்கலாம்; கேட்டார்கள், பல முறை கிடைத்தது. மலிவை விட இந்த உறுதிதான் அவர்களுக்குப் பெரிது.

மரஆணி
வெட்டுமேசை பற்றிய கருத்து சரி. ஆனால் கால்அச்சு, உங்கள் கணக்கு கைவேலைக் காலத்துக்குத்தான் பொருந்தும். இயந்திரம் வந்த பிறகு அந்த அறுபது சதவீதம் மேலே ஏறிவிடுகிறது.

1858இல் லைமன் பிளேக் அடித்தோல் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கார்டன் மெக்கே அதை வாங்கிச் சீர்செய்து, உள்நாட்டுப் போர்க்காலத்தில் பரப்பினார். ஷூவைக் கொம்பு போன்ற ஒரு கையில் மாட்டுவார்கள். அந்தக் கொம்புக்குள் சூடான மெழுகு தோய்ந்த நூல் வரும். ஊசி அடித்தோல், மேல்தோல் மடிப்பு, உள்தோல் மூன்றையும் ஒரே குத்தில் ஊடுருவிச் சங்கிலித் தையல் போடும். இயக்குபவர் ஷூவை ஓரத்தையொட்டிச் சுற்றிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஜோடிக்கு நிமிடக் கணக்கு.

குறைகளும் உண்டு. தையல் வரி உள்தோலின் மேல் கால் படும் இடத்தில் வருவதால் அதன் மேல் ஒரு விரிப்பு ஒட்ட வேண்டும். அதை ஒட்டாமல் விட்டால் பாதம் உரசும். துளை நேராக உள்ளே போவதால் நூல் வழியே ஈரம் ஏறும். மெழுகு போதிய சூட்டில் இல்லாவிட்டால் துளை அடைபடாது, இந்தக் கேடு இரட்டிக்கும்.

வணிக ரீதியில் முக்கியமானது மெக்கே இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விட்டது. ஜோடிக்கு இவ்வளவு என்று உரிமத் தொகை. பெரிய முதல் இல்லாமலே ஒருவர் சிறைக்குள் முழுப் பட்டறை வைக்கலாம், ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறலாம். 1860களுக்குப் பின் சிறைக் காலணி பெருத்ததற்கு இது நேரடிக் காரணம் என்றே நினைக்கிறேன்.

ரசீதுப்பெட்டி
அந்தக் காலத்துக்கு எடுத்துக்காட்டு பே ஸ்டேட் ஷூ அண்ட் லெதர் கம்பெனி. புரூக்ளினில், அன்று க்ரோ ஹில் என்று அழைத்த பகுதியில் இருந்த கிங்ஸ் கவுண்டி சிறையின் ஆட்களை ஒப்பந்தத்தில் எடுத்துக் காலணி செய்தது. பெயர் மாசசூசெட்ஸைக் குறிக்கும், வேலை நடந்தது நியூயார்க்கில். மற்ற மாநிலங்களிலும் இதே போக்குதான். இல்லினாயின் ஜோலியட்டில் செல்ஸ், ஷ்வாப் நிறுவனம். விஸ்கான்சினின் வாபனில் சிகாகோவின் எம். டி. வெல்ஸ் நிறுவனம். முதலில் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள்தான் ஒப்பந்தம் எடுத்தார்கள். 1880 வாக்கில் எடுத்தவர்கள் நாடு முழுக்க விற்கும் மொத்த வணிகர்கள்.

அளவு தெரிய வேண்டுமானால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் கேரல் ரைட் 1886இல் எடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும். நாட்டின் சிறைச் சரக்கு முழுவதும் சுமார் 2 கோடியே 87 லட்சம் டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது அரை சதவீதம்தான். ஒப்பந்ததாரர்கள் இந்த அரை சதவீதத்தைத்தான் எல்லா மேடையிலும் தூக்கிப் பிடித்தார்கள். ஆனால் அதில் பூட்ஸ், ஷூ மட்டும் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல், மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதல். 1880 கணக்கெடுப்பில் நாட்டின் தொழிற்சாலைக் காலணி சுமார் 16.6 கோடி டாலர். ஆக, காலணித் தொழிலாளிக்கு அது அரை சதவீதம் அல்ல, ஆறு சதவீதம். அதுவும் மலிவு ஆண்கள் காலணி என்ற ஒரே இடத்தில் குவிந்த ஆறு சதவீதம். சந்தையில் விலையைக் கீழே இழுக்க அது தாராளம்.

தென்றல்_வி
1801 சட்டம் இருந்தும் இவ்வளவு தூரம் எப்படி வளர்ந்தது? தொழிற்சங்கங்கள் என்ன செய்தன?

சட்டப்புள்ளி
சும்மா இருக்கவில்லை. 1830கள் முழுக்க நியூயார்க் கைவினைஞர்கள் போராடினார்கள். 1842இல் ஒரு சட்டம் வந்தது: கைதி ஏற்கெனவே கற்ற தொழிலைத்தான் செய்யலாம், இல்லையென்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பொருளைச் செய்யலாம். அதே காலத்தில்தான் ஆபர்னில் பட்டு முயற்சி, டானமோராவில் 1845 முதல் இரும்புச் சுரங்கச் சிறை. ஆனால் 'ஏற்கெனவே கற்றவர்' என்ற ஓட்டை போதுமானதாக இருந்தது. வெளியில் தொழில் துண்டு துண்டான பின் காலணி வேலையில் ஏதோ ஒரு துண்டைத் தொட்டிராதவர் யார்?

1867இல் மில்வாக்கியில் காலணித் தொழிலாளர்கள் தொடங்கிய செயின்ட் கிறிஸ்பின் சங்கம் சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய தொழிற்சங்கமானது. பழகாத கைகளை இயந்திரத்தில் உட்கார வைப்பதை எதிர்ப்பதே அதன் மையக் கொள்கை. சிறைப் பட்டறை அந்தப் பழகாத கைகளின் நிரந்தர முகாம். சங்கம் 1870களில் சிதறியது, கோரிக்கை சிதறவில்லை. 1883இல் நியூயார்க் மக்களிடமே வாக்கெடுப்பு: ஒப்பந்த முறையை ஒழிக்கச் சுமார் 4 லட்சத்து 5 ஆயிரம் பேர், வேண்டும் என்று சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். அடுத்த ஆண்டு புதிய ஒப்பந்தங்களுக்குத் தடை. 1886இல் இல்லினாய் தன் அரசியலமைப்பிலேயே தடையை எழுதியது.

கால்அச்சு
தடை வந்ததும் உள்ளே என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1888இல் நியூயார்க்கின் யேட்ஸ் சட்டம், வெளியே விற்க இயந்திரத்தால் செய்வதையே நிறுத்தியது. பட்டறைகள் ஒரேயடியாக ஓய்ந்தன. எல்மைரா சீர்திருத்தச் சிறையில் கைதிகளை என்ன செய்வதென்று தெரியாமல் ராணுவ அணிவகுப்புப் பயிற்சி தொடங்கினார்கள். வேலையில்லாச் சிறை வேலையுள்ள சிறையை விட நல்லதாக இருக்கவில்லை. தொழிற்சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது, அடைபட்டவனுக்கு அதில் எந்த நன்மையும் வரவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சட்டப்புள்ளி
ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வந்த விடைதான் அரசுப் பயன்பாட்டு முறை. 1894 அரசியலமைப்பு மாநாட்டில் எழுதி, 1897 ஜனவரி 1 முதல் நடைமுறை. கைதி செய்வதை மாநில, ஊராட்சி நிறுவனங்கள் மட்டுமே வாங்கலாம், திறந்த சந்தைக்குப் போகக் கூடாது.

ஆனால் வேறு மாநிலச் சிறைச் சரக்கு நியூயார்க் கடைக்கு வருவதை யார் தடுப்பது? பழைய முத்திரையை மீண்டும் கொண்டுவந்தார்கள். 1898இல் மாநில உயர் நீதிமன்றம், ஒஹையோ சிறையில் செய்த ஒரு தேய்ப்புப் பிரஷ் வழக்கில் அந்தச் சட்டத்தையே தள்ளுபடி செய்தது. மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தில் மாநிலம் தலையிட முடியாது என்ற சுவரை உடைக்க மத்தியச் சட்டம் தேவைப்பட்டது. ஹாஸ்-கூப்பர் சட்டம் 1929இல் நிறைவேறி 1934இல் நடைமுறைக்கு வந்தது. வெளிமாநிலச் சிறைச் சரக்கு எல்லைக்குள் வந்துவிட்டால் அந்த மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்றது. 1935இன் ஆஷர்ஸ்ட்-சம்னர்ஸ் சட்டம், தடை உள்ள மாநிலத்துக்கு அனுப்புவதையே குற்றமாக்கியது, பொட்டலத்தின் மேல் அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. காலணி ஒப்பந்ததாரரை மதிலுக்கு வெளியே தள்ளியது இதுதான். முத்திரை, எட்டில் ஒரு பங்கு, 'கற்ற தொழில்' எல்லாம் பட்டறையின் வாசலைப் பார்த்தன. மாநில எல்லைக்கு அப்பால் இருந்த விற்பனைச் சந்தையை யாரும் அடைக்கவில்லை. அதை அடைத்த பின்தான் வழி நின்றது.

தென்றல்_வி
அப்படியானால் சிறைக் காலணியே முடிந்துவிட்டதா?

மரஆணி
இல்லை. ஒப்பந்ததாரர்தான் போனார். 1924இல் காங்கிரஸ் கன்சாஸின் லெவன்வொர்த் மத்தியச் சிறையில் காலணி, துடைப்பம், பிரஷ் தொழிற்சாலைகளுக்கு ஒப்புதல் தந்தது. 1934இல் மத்தியச் சிறைத் தொழில் நிறுவனம் உருவானதும் அவை அதன் கீழ் போயின. வாங்குபவர் மத்திய அரசுத் துறைகள் மட்டும், சரக்குக்கு அரசு விவரக்குறிப்பு உண்டு. தோலின் தடிமனையும் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்பதையும் வாங்குபவரே எழுதிக் கொடுத்து, வாங்கும்போது அளந்து பார்க்கும் முறை அது. விரல் பக்கத்தில் ராவாமல் விட்ட ஆணியைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போகும் பழைய வழி அங்கே அடைபட்டுவிட்டது.